தனகோட்டிக்கு ஒரு பிடி

மீனம்பாள் தன்னைப் பெற்ற நைனா பெரியதம்பியின் வாயில் வாய்க்கரிசியைப் போட்டுவிட்டு நகரப் போனாள். அம்மா தைலம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னொரு பிடி போடு. தனகோட்டி கையால போடறதா நெனச்சிக்க."

சிங்கவரத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியதம்பியின் சின்ன மகள் ரங்கூனில் தொலைந்த கதை ஊருக்கே தெரியும். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று, விமானம் பார்க்க அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனவர், சாயங்காலம் தனியாக வந்து, "கூட்டத்துல வுட்டுட்டேன்" என்றார். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் தனகோட்டி உயிரோடுதான் இருந்தாள். போன வருஷம் பர்மா அகதிகள் வந்தபோதுகூடத் தைலம்மாள் செஞ்சியில் பஸ் ஏறிப் பட்டணம் போய், கப்பலில் இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு வந்தாள். பெரியதம்பியோ பேரப்பிள்ளைகளைக்கூடத் தோளில் ஏற்றினதில்லை.

மீனம்பாள் அரிசியை அள்ளினாள். கை எழவில்லை.

நேற்று மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது நைனா சொல்லிவிட்டார். "அவ தொலையலம்மா. குண்டு பட்டு எந்தோள் மேலயே போயிட்டா. பொணத்த லாரில ஏத்தறவன் யார் கொழந்தன்னு கேட்டான். தெரியாதுன்னுட்டேன்."

பாவி மனுஷன், இத்தனை வருஷம் சுமந்ததை இவள் தலையில் இறக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே செத்த ஜனங்களை யாராவது எண்ணியிருந்தால், அதில் தனகோட்டி பேரில்லாத ஒரு குழந்தை. அதுவும் எண்ணியிருந்தால்.

"இன்னாடி நிக்கற?"

"வேணாம்மா. அவ போடற மாதிரி என்னால போட முடியாது."

தைலம்மாள் மகளின் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லிட்டாரா?"

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றாள் மீனம்பாள்.

"அன்னிக்கு அவர் சட்டையத் தொவச்சது நாந்தானேடி," என்றாள் தைலம்மாள், அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல. "தோள்ல ரத்தத்தோட அவ முடி ஒட்டினு இருந்திச்சி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த மனுஷன் உசுர வச்சிருக்க மாட்டாரு. அதான் கப்பல் கப்பலாத் தேடினேன்."

வெளியே நேரமாகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"அந்தப் பிடிய அவளுக்கே போட்டுடு. அவளுக்கு யாரும் போடல."

"எங்க போடறதும்மா?"

மீனம்பாள் குனிந்து, கோடித் துணியை விலக்கி, நைனாவின் தோளில் அரிசியை வைத்தாள். திரும்பவும் துணியை மூடினாள்.

ஆண்கள் தூக்க வந்தார்கள்.

"அந்தத் தோள் பக்கம் பாத்துத் தூக்குங்கப்பா," என்றாள் தைலம்மாள்.