ஏழு நட்டு

சித்தப்பாவின் பாய்மரப் படகு என் பட்டறைக்கு வந்த அன்று, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நினைத்தேன். எங்களுக்குள் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. ஆனால் இந்தத் துறைமுகத்தில் கிரேன் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அவருக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன். மகளுக்கோ கோடை முழுக்க அந்தப் படகில் சுற்ற ஆசை. வீம்பை விழுங்கிக்கொண்டு வந்தார்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. கீல் போல்ட்டை மட்டும் பார்த்துக் குடு. நான் பத்து நாள் ஆஸ்பத்திரியில இருப்பேன்."

மனசில் வைக்காமல் வேறெங்கே வைப்பது? கீல் என்பது படகின் அடியில் தொங்கும் இரும்புக் கனம். காற்று எவ்வளவு சாய்த்தாலும் படகைக் கவிழவிடாமல் நிறுத்துவது அதுதான். அதைப் படகோடு பிடித்து வைப்பவை ஏழு போல்ட்டுகள். ஆறு வருடத்துக்கு முன் என் தம்பியின் படகுக்கு அந்த ஏழையும் மாற்றித் தந்தவர் சித்தப்பா. மூன்றாம் வாரமே நடுக்கடலில் கீல் கழன்று, படகு குப்புறக் கவிழ்ந்தது. தம்பி திரும்பவில்லை. "ஏழையும் உருவிப் புதுசு போட்டேன், பையன் பாறையில மோதியிருப்பான்" என்று விசாரணையில் நாக்கில் நரம்பில்லாமல் சொன்னார். துறைமுக அதிகாரியும் 'படகோட்டியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதம் இன்னும் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது.

எனக்கு உண்மை தெரியும். வேலை முடிந்து படகைத் திரும்ப வாங்கிய அன்று தம்பி போனில் சொன்னான்: "சித்தப்பா கில்லாடிக்கா, ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டாரு." கீலை இறக்கி, ஏழு போல்ட்டை உருவி, புதுசு போட்டு மறுபடி ஏற்ற நாலு நாளாவது ஆகும். மேலே கண்ணுக்குத் தெரிகிற நட்டுகளை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பூசி மெழுகியிருக்கிறார். அதற்கு ஒரே சாட்சியான கீல் கடலடியில் கிடக்கிறது.

அவர் படகைக் கிரேனில் தொங்கவிட்டு, கீலைக் கழற்றி இறக்கினேன். போல்ட்டுகளின் மேல்பக்கம் மினுமினுப்பாக இருந்தது. படகும் கீலும் சேருகிற இடத்தில்தான் உப்புத்தண்ணீர் புகுந்து, கட்டைவிரல் பருமன் இருந்தது பென்சில் பருமனாகத் தேய்ந்திருந்தது. தன் படகின் போல்ட்டையும் அவர் உருவிப் பார்த்ததில்லை. அப்படியே திரும்பப் பொருத்தி, மேலே ஏழு புது நட்டு போட்டால் போதும். உண்மையைச் சொல்கிறேன், கை பரபரத்தது. ஆனால் அதில் ஏறப்போவது அவரில்லை, அவர் மகள். சின்ன வயதிலிருந்து அக்கா அக்கா என்று என்னையே சுற்றி வந்தவள்.

ஒன்பது நாள் உழைத்தேன். ஏழு போல்ட்டும் புதுசு. அவை உட்காரும் தளத்தில் நாலு அடுக்கு ஃபைபர் ஒட்டிக் கெட்டிப்படுத்தினேன். கடைசியில் அதன்மேல் பழைய சாம்பல் பெயிண்டையே அடித்தேன். மேலே பளபளவென்று ஏழு நட்டு. பார்க்கிறவனுக்கு வேறெதுவும் தெரியாது. கழற்றிய போல்ட்டுகளை வாளியில் போட்டு மேஜைக்கடியில் தள்ளினேன்.

படகைத் தண்ணீரில் இறக்குகிற நாளில் சித்தப்பா கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பதிவு செய்ய அதே அதிகாரி வந்திருந்தார். சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"ஒரே மத்தியானம், சித்தப்பா. தம்பி படகுக்கு நீங்க செஞ்ச மாதிரியே செஞ்சிருக்கேன்."

பேயறைந்த மாதிரி நின்றார். கூட வந்திருந்த அவர் மகள், என் தங்கச்சி, ஒரு காலைப் படகில் வைத்தாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார். "இன்னைக்கு வேணாம், காத்து சரியில்ல."

"காத்து நல்லாத்தானே இருக்குப்பா?"

"உங்க வேலையை நீங்களே நம்பலைன்னா எப்படி சித்தப்பா? அன்னைக்கு சாரே நம்பித்தானே எழுதினாரு," என்றேன்.

அவள் இன்னொரு காலையும் வைத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

"இறங்குடி!" அந்தக் கத்தலில் கிரேன்காரர் கூடத் திரும்பினார். "நட்டு மட்டும்தான் மாத்தினேன்! போல்ட்டை நான் உருவவே இல்ல! இறங்கு!"

அவள் இறங்கினாள். "அண்ணன் படகுலயாப்பா?" என்று கேட்டாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் காகிதத்தை எடுத்துட்டு வாம்மா. திருத்தணும்," என்றார்.

அன்று சாயங்காலம் தங்கச்சியைப் பட்டறைக்குக் கூப்பிட்டு வாளியைக் காட்டினேன். தேய்ந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ படகு?"

"இருபது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது. போய் உங்கப்பாகிட்டயும் சொல்லு."

கையிலிருந்த போல்ட்டைத் திரும்ப வாளியில் போட்டாள். பிறகு, "நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்கக்கா," என்றாள்.

மறுநாள் விடிந்ததும் தனியாகப் பாய் ஏற்றிக்கொண்டு போனாள். சேதி தெரிந்து சித்தப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். "ஏம்மா, அதுல நட்டு மட்டும்தானா? சொல்லும்மா!" என்று என் முன் நின்று கெஞ்சினார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் திரும்பி வந்து கண்ணில் படும்வரை, சாயங்காலம் வரைக்கும், துறைமுகச் சுவரில் நின்றார். ஆறு வருடத்துக்கு முன் அதே இடத்தில் என் அம்மா மூன்று நாள் நின்றாள்.