பிள்ளைச்சாவடி கண் முகாம்

தேங்காய்த்திட்டு மீன் ஏலத்தில் ஹேமலதா வாயைத் திறந்தால் நாலு வியாபாரி பின்வாங்குவார்கள். அப்பேர்ப்பட்ட வாய், டவுனில் சாரம் பகுதியில் இருக்கிற சேவைச் சங்கத்துக் கூட்டத்தில் மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டது. மூன்று மாதமாக ஞாயிறு சாயங்காலம் போகிறாள், கதவோரம் உட்காருகிறாள், டீயைக் குடித்துவிட்டு வருகிறாள். கூட்டிவந்தவர் பார்வதி டீச்சர், பத்து வருஷமாக அவளிடம் மீன் வாங்குகிறவர். மற்றவர்களும் பேங்க், ஸ்கூல், மின்துறை என்று ரிட்டயர் ஆனவர்கள். நல்ல மனுஷர்கள்தான். அவர்களில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் மீன்காரி நமக்கு அங்கே என்ன பேச்சு, பேசினால் சிரித்துவிடுவார்களோ என்று பயம்.

அவள் ஊரான பிள்ளைச்சாவடியில் இலவசக் கண் முகாம் நடத்தச் சங்கம் முடிவு செய்தது. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. படித்தவர்கள் குறிக்கிற நேரம் அப்படித்தான் இருக்கும்! அந்த நேரத்தில் ஆண்கள் கரையில் படகோடு மல்லுக்கட்டுவார்கள், பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு விற்கப் போயிருப்பார்கள். ஹேமலதாவுக்குத் தெரியாதா? சொல்லத்தான் நாக்கு எழவில்லை. வந்த இடத்தில் குறை சொல்வதா என்று விழுங்கிவிட்டாள்.

முகாமன்று பதினோரு மணிக்கு டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வந்ததே ஆறு பேர், அதில் இரண்டு பேர் பந்தல் போட வந்தவர்கள். ஹேமலதா பந்தலைவிட்டு எழுந்தாள். துரத்தினாலும் துரத்தட்டும் என்று தலைவர் சுப்பிரமணியனிடம் போய், தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டாள்.

அந்த மனுஷனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மின்துறையில் முப்பது வருஷம் அதிகாரம் பண்ணினவர். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

“மூணு மாசமா ஒன்ன ஒக்கார வச்சி டீ குடுத்தோம். ஒரு வார்த்த கேக்கல. தப்பு எங்களுதும்மா,” என்றார். “இப்ப என்ன செய்யலாம், நீயே சொல்லு.”

“மூணு மணிக்கு பொம்பளைங்க எல்லாம் பஸ் ஸ்டாப்புல எறங்குவாங்க சார். அங்க மேசையப் போட்டா வருவாங்க.”

சுப்பிரமணியன் டாக்டரைக் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்திவைத்தார். ஆளுக்கொரு சாமானாகத் தூக்கினார்கள். பார்வதி டீச்சர் அறுபத்தெட்டு வயசில் ஒரு பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார். அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு ஹேமலதா ஏலக் குரலில் கூப்பிட்டாள். பஸ்ஸைவிட்டு இறங்கின ஒருத்தியும் நேரே வீடு போய்ச் சேரவில்லை. டாக்டர் கிளம்பும்போது மணி ஆறு. மறுவாரமே அவள் சேலையில் சங்கத்து பேட்ஜைக் குத்தினார்கள்.

இரண்டு மாதம் போயிற்று. பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சர்க்கரைப் பரிசோதனை முகாம் வைக்கப் பேச்சு நடந்தது. அந்தக் கிராமத்துப் பெண் சின்னப்பாப்பா அன்றைக்குத்தான் முதல்முறை கூட்டத்துக்கு வந்திருந்தாள். டவுனில் துணிக்கடை வேலை, ஊரில் கழனி வேலை. கதவோரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். செயலாளர் கலைவாணன் அடுத்த புதன்கிழமை என்று எழுதப் போனார்.

“இருங்க சார்,” என்றாள் ஹேமலதா. நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பெண் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். “புதன்கெழம ஒங்க ஊர்ல ஆளுங்க இருப்பாங்களா? ஒனக்குத்தான் தெரியும், நீ சொல்லு.”

சின்னப்பாப்பா முந்தானை நுனியைத் திருகினாள். கலைவாணன் பேனாவை மூடிவைத்தார். சுப்பிரமணியனும் டீச்சரும் மற்ற எல்லோரும் அவசரமே இல்லாமல் காத்திருந்தார்கள்.

“அன்னிக்கி நாத்து நடவுங்க,” என்றாள் சின்னப்பாப்பா. “ஒருத்தரும் வர மாட்டாங்க.”