வாய்மொழித் தேர்வுக்குப் பதிலாக

தாவரவியல் வாய்மொழித் தேர்வில் ராமுத்தாய் இரண்டு முறை தோற்றிருந்தாள். கேள்வி ஆங்கிலத்தில் வரும். பதில் தெரிந்தும் அவளுக்கு வாயில் வராது. மூன்றாம் முறையும் தவறினால் பல்கலைக்கழகத் தேர்வுக்கு அவள் பெயர் போகாது. மாட்டுப்பட்டிக்கு மேலே தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவள் பாலக்காட்டுக் கல்லூரியின் துறைத் தலைவர் ரத்தினசாமியிடம் போனாள்.

"சார், நான் பேச வேண்டாம். கையால செஞ்சு காட்டுறேன். அதுக்கு மார்க் போடுங்க."

"உனக்கொரு பரீட்சை, மத்தவங்களுக்கொரு பரீட்சையா? என்னையத்தான் கேப்பாங்க அம்மிணி."

"அப்ப எல்லாருக்கும் குடுங்க சார். பேசுறவங்க பேசட்டும், செய்யிறவங்க செய்யட்டும்."

அவர் சிரித்தார். அவள் நகரவில்லை. பிளாஸ்க்கின் மூடியில் பாதிக் காப்பியை ஊற்றி அவள் பக்கம் தள்ளினார்.

"குடிச்சா நீங்க சம்மதிச்ச மாதிரியா, சார்?"

"காப்பிதான் அம்மிணி, ஒப்பந்தப் பத்திரமில்லை. குடி. யோசிக்கிறேன்."

திங்களன்று அறிவிப்புப் பலகையில் இரண்டு வழிகளும் எழுதப்பட்டிருந்தன: வாய்மொழி, அல்லது கத்தியெடுத்துச் செடியில் செய்து காட்டுதல். செய்து காட்டப் பெயர் கொடுத்தவள் ராமுத்தாய் மட்டும்.

"வாய் இருக்கறப்ப எதுக்குப் புள்ள கத்தி?" என்றாள் கூடப் படிக்கும் சித்தூர்ப் பக்கத்து வள்ளியாத்தாள்.

தேர்வு நாளில், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஒரு செம்பருத்தி. பூக்கும்படி அதைக் கிளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும். ராமுத்தாய் கத்தியை எடுத்தாள். கை தன் பழக்கத்துக்கே போனது: எல்லாக் கிளையும் இடுப்பளவில், மேசைபோலத் தட்டையாக.

"பூ மொட்டெல்லாம் போயிருச்சே அம்மிணி. நாம கொழுந்தா பறிக்கப் போறோம்?"

ரத்தினசாமி இப்படிச் சொன்னதும் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் பூ என்பது வீண். அங்கே வளர்ந்தவள் அவள். கண் கலங்கியும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"தப்புதான் சார். இன்னொரு செடி குடுங்க."

அவர் பக்கத்துச் செம்பருத்தியைக் காட்டினார். மணியடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. சிரித்தவர்களில் ஒருத்தியான வள்ளியாத்தாள் முன்னால் வந்தாள்.

"நான் கிளையைப் புடிச்சுக்கட்டுங்களா, சார்?"

"புடிக்கலாம். சொல்லக் கூடாது."

ஒரு கிளையை ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

காய்ந்த கிளையை அடியோடும், உள்ளே ஒன்றோடொன்று உரசியதைக் கணுவோடும் ராமுத்தாய் எடுத்தாள். வெளிப்பக்கத் தளிர்மொட்டுக்கு மேலே சாய்வாக வெட்டினாள்.

"ஏன் அங்க?" என்று தமிழிலேயே கேட்டார் ரத்தினசாமி.

"வெளிய பாத்த மொட்டு வெளியதான் வளரும் சார். நடுவுல வெயில் விழும். சாய்வா வெட்டுனாத் தண்ணி தங்காது, அழுகாது."

நின்று நிதானமாகச் சொல்லி முடித்தாள். முதல் செடிக்காக ஆறு மதிப்பெண் குறைத்து, தேர்ச்சி என்று எழுதினார். அவள் அப்போதும் போகவில்லை.

"அடுத்த வருசமும் பலகையில ரெண்டு வழியும் இருக்குமா சார்?"

"நீதான் பாஸாகிப் போயிருவியே. உனக்கென்ன?"

"தங்கச்சி அழகுத்தாய் வர்றா, சார்."