மஞ்சள் நூல் கட்டிய சேவல்

காளியாயி பால் கறந்துகொண்டிருந்தபோது வாசலில் சாவுத் தப்பு முழங்கத் தொடங்கியது. செவலைப் பசு மிரண்டு காலை உதறியது.

"நில்லுடி, உனக்கென்ன வந்துச்சு?" என்று அதட்டினாள்.

புருஷன் நல்லமுத்து விடிகாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்காகப் பசுவைக் கறக்காமல் விட முடியுமா? விட்டால் மடி கட்டிக்கொள்ளும் என்று அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலை முடிகிற சரிவில், இரண்டு பேரும் கல் பொறுக்கி உண்டாக்கிய காணி அது. பசு, நாலு ஆடு, கொஞ்சம் கோழி, இரண்டு பாத்தி போஞ்சிக் கொடி.

கொழுந்தன் வீரய்யா தொழுவத்துக்குள் தலையை நீட்டினான்.

"மதினி, இன்னைக்குச் சனிக்கெழம."

"தெரியும்."

"பாடையில ஒரு கோழி கட்டணும். வடிவு வேற நெறமாசமா இருக்கா."

சனிக்கிழமை இறந்தவர் துணைக்கு வீட்டில் இன்னொருவரையும் கூப்பிடுவார் என்று பயம். கோழியைக் கட்டிவிட்டால் அதோடு தீர்ந்துவிடும். நல்லமுத்து யாரையும் துணைக்குக் கூப்பிடுகிற மனுஷரே இல்லை. வட்டவளைக் கடைத்தெருவுக்குக்கூடத் தனியாகத்தான் போய்வருவார். ஆனால் மகள் சண்முகவடிவு தலைப்பிரசவத்துக்கு வந்து உள்ளே படுத்திருக்கிறாள்.

கோழிக்கூட்டுக்குப் போனார்கள். வீரய்யா ஒரு கறுப்புப் பெட்டையை எட்டிப் பிடித்தான்.

"அத விடு. முட்டையிடுற கோழி. அந்தச் சேவலப் புடி."

அவன் திகைத்து நின்றான். சிவப்புச் சேவலின் காலில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. நல்லமுத்துக்கு நெஞ்சுச்சளி முற்றியபோது காளியாயி முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல்.

"மதினி, அது சாமி சேவலு."

"அவரு எந்திரிச்சு நடந்தாத் தர்றேன்னுதான சொன்னேன். நடந்தாரா?"

"முனி கோவிச்சுக்கும் மதினி."

"கோவம் எனக்குந்தான் இருக்கு."

காளியாயியே சேவலைப் பிடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டாள். உள்ளே வடிவு அழுகிற சத்தம் கேட்டது. மேட்டில் முனியாண்டி இருக்கும் மரத்தைப் பார்த்தாள்.

"புள்ளைய மட்டும் பாத்துக்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். குரலில் கோபம் குறையவில்லை.

உச்சிப்பொழுதில், கட்டிய சேவலோடு பாடை இறங்கியது. பெண்கள் பாதை வளைகிற முடக்கோடு நின்றுவிட்டார்கள். கீழே தேயிலைக்குள் பாடை மறைந்த பிறகு, தப்புச் சத்தத்துக்கு மேலாகச் சேவல் ஒருமுறை கூவியது. காலையிலிருந்து அழாத காளியாயி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் மலையிலிருந்து பனி இறங்கியது. ஆடுகளைக் கட்டிவிட்டு, கூட்டு வாசலை அடைக்கிற பலகையைக் கையில் எடுத்தாள். கோழிகள் ஒவ்வொன்றாக உள்ளே ஏறின. அந்தச் சேவல் என்றைக்கும் கடைசியில்தான் வரும். "தொரைக்கு இன்னும் நேரமாகலையோ?" என்று திட்டிக்கொண்டே, நல்லமுத்து பலகையைப் பிடித்தபடி காத்து நிற்பார்.

கறுப்புப் பெட்டையும் ஏறிவிட்டது. முற்றத்தில் வேறொன்றும் இல்லை.

"அம்மா, பனியில நிக்காத. உள்ள வா" என்று வடிவு கூப்பிட்டாள்.

"இந்தா வர்றேன்."

காளியாயி பலகையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.