முக்கில் ஆள் இல்லை

எமிர் மாமா ஆற்றில் போனதற்குக் காரணம் அவருடைய பழைய மூக்குக்கண்ணாடிதான் என்று நெஸ்டா அத்தை நம்பிக்கொண்டிருந்தார். அப்படியே நம்பட்டும் என்றார் அப்பா. என் அண்ணன் ரோட்ரியால் அப்படி விட முடியவில்லை.

இறைச்சிக் கடையில் அத்தை பேசியதை நானே கேட்டேன். கடைக்காரர் கெரைண்டும் எங்களோடு மலைப்பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிய மாத்துங்க, மாத்துங்கன்னு தொண்டை வத்தக் கத்தினேன் கெரைண்ட். 'இதுலயே உன் மூஞ்சி நல்லாத் தெரியுது நெஸ்டா, இன்னும் தெளிவாத் தெரிஞ்சா நான் தாங்கமாட்டேன்'னு கிண்டல் வேற. இப்ப பாரு. முக்குல பையன் நிக்கறதுகூடத் தெரியாமப் போயிருக்கார்."

"மூடுபனி அப்படி, நெஸ்டா."

"மூடுபனி மத்தவங்களுக்கும்தானே இருந்துச்சு? நீ திரும்பல? இந்தப் பொண்ணு திரும்பல? ரெண்டு தொடைக்கறி குடு. ஒண்ணு போதும். ஒண்ணே குடு."

கெரைண்டுக்கு உண்மை தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் சவாரியில் ஒரு ஏற்பாடு உண்டு. முன்னால் போகிறவர் ஒரு முக்கில் திரும்பினால், அவருக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே வண்டியை நிறுத்திக் கையால் வழி காட்ட வேண்டும். மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போவார்கள். கடைசி ஆள் வந்து சேரும்வரை அவர் நகரக் கூடாது. முக்கில் யாரும் நிற்கவில்லை என்றால் நேராகப் போ என்று அர்த்தம். மேலே ஏறிவிட்டால் கைபேசி வேலை செய்யாது. ஆளுக்கு ஆள் கண்ணில் படவும் மாட்டோம். ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஒருவரும் தொலைந்ததில்லை. முன்னால் போகிறவர் எப்போதும் அப்பா. கடைசி ஆள் எப்போதும் எமிர் மாமா. ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை மேலே மாட்டியிருப்பார். ஆடுகள் வெளியேறிவிடாமல் ஒவ்வொரு வேலிக்கதவையும் சாத்திவிட்டு வருவது அவர் வேலை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது, வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று எனக்கு ஒரு சின்ன வண்டி வாங்கிக் கொடுத்தார்கள். தலைக்கவசம் போட்டிருக்கிறவளிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. அதனால் எனக்கு அது பிடித்திருந்தது.

அது அக்டோபர் மாதம். வேல்ஸ் மலைகளில் வாரம் முழுக்க மழை. அன்றைக்கு வந்த ஒரு முக்கில் நேராகப் போனால் பாதை ஆற்றில் இறங்கி அக்கரையில் ஏறும். கோடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். இடது பக்கம் திரும்பினால் சுற்றுவழி, பாலம். ஆற்றின் இரைச்சலைக் கேட்டே அப்பா இடது பக்கம் திரும்பிவிட்டார். அடுத்து வந்த ரோட்ரி முக்கில் நின்றான். நான் அவனைத் தாண்டினேன். கெரைண்ட் தாண்டினார். பாலத்துக்கு முன்னால் வேலிக்கதவருகே நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் ரோட்ரி வந்தான். பின்னாலேயே ஆரஞ்சுச் சட்டை.

"என்ன எமிர், ஆட்டுக்குட்டிக்குப் பால் குடுத்துட்டு வர்றியா?" என்றார் கெரைண்ட்.

ஆரஞ்சுச் சட்டைக்காரர் தலைக்கவசத்தைக் கழற்றினார். தாடி வைத்த, எங்களுக்குத் தெரியாத ஒரு மனிதர்.

"மன்னிக்கணும். எங்க ஆளுங்களைத் தவற விட்டுட்டேன். இந்தத் தம்பி கை காட்டினார், அதான் பின்னாலயே வந்துட்டேன்."

அப்பா ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

எமிர் மாமா கதவைச் சாத்திவிட்டு முக்குக்கு வந்திருக்கிறார். அங்கே யாரும் இல்லை. நேராகப் போயிருக்கிறார். ஆற்றைப் பார்த்தும் ஏன் இறங்கினார் என்று எல்லோரும் கேட்டார்கள். எங்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. இத்வல் முன்னால் போயிருக்கிறார் என்றால் ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார் என்று எமிர் மாமா நம்பியிருப்பார். இத்வல் என்பது என் அப்பா.

வண்டி ஆற்று நடுவில் ஒரு பாறையில் மாட்டிக் கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

மீட்புக்காரர்களுக்குச் சொல்ல, கைபேசி எடுக்கும் இடம் தேடிக் கெரைண்ட் மேட்டுக்குப் போயிருந்தார். தாடிக்காரர் அக்கரையைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார். அப்போது அப்பா ரோட்ரியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்தார்.

"நீ முக்குல நின்ன. அவர் பாக்காமப் போயிட்டார். புரியுதா?"

"அப்பா, நான் நின்னேன், ஆனா அந்த ஆளு..."

"நின்ன. அதோட நிறுத்திக்கோ."

சாவு விசாரணையிலும் அதையேதான் சொன்னார்கள். தாடிக்காரரும், பையன் முக்கில் நின்று கை காட்டினான் என்றார். அது உண்மைதான். விசாரணை அதிகாரி ரோட்ரியிடம் மென்மையாகக் கேட்டார். அவன் தலையாட்டினான். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா இரண்டு காரணம் சொன்னார்.

"உனக்குப் பத்தொன்பது வயசு. வாழ்நாள் பூரா இதை முதுகுல சுமக்கணுமா? அது ஒண்ணு. ரெண்டாவது, நம்ம ஏற்பாட்டுலதான் ஓட்டைன்னு தெரிஞ்சா அந்தப் பாதைய மூடிடுவாங்க. எமிரும் நானும் அதுக்காக எவ்வளவு அலைஞ்சோம்னு உனக்கே தெரியும்."

தெரியும். நடைப்பயணக்காரர்கள் வழிமறித்துத் திட்டும்போதெல்லாம், அப்பா சட்டைப்பையிலிருந்து வரைபடத்தை எடுத்து, பாதையின் மேல் விரலை வைத்துக் காட்டுவார். இது சட்டப்படி எல்லா வண்டிக்கும் திறந்த வழி, ஐயா. அந்தக் காலத்தில் குதிரை வண்டியில் கற்பலகை ஏற்றிப் போன பாதை இது என்று நிரூபிக்க, அவரும் எமிர் மாமாவும் ஆவணக் காப்பகத்தில் எத்தனையோ விடுமுறை நாட்களைத் தொலைத்தார்கள். பள்ளம் விழுந்த இடங்களில் கல் சுமந்து கொட்டினார்கள்.

"அம்மா, நீ சொல்லு," என்றான் ரோட்ரி.

அம்மா அவன் தட்டில் இன்னும் ஒரு உருளைக்கிழங்கை வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவன் எதையும் சரியாகத் தொடவில்லை. மரம் அறுக்கும் வேலைக்குப் போனான், வந்தான். படுக்கையில் படுக்காமல் கொட்டகையில் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வண்டியைத் துடைக்கவும் இல்லை. அன்றைய சேறு அதில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"சொல்லிட்டா போதும் மாலி," என்றான் ஒருநாள் என்னிடம். "அத்தை அடிக்கட்டும். போலீஸ்ல சொல்லட்டும். எதுவா இருந்தாலும் எனக்கு மூச்சு வந்துடும்."

வசந்தத்தில் பாதையை மூடினார்கள். வேலிக்கதவில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது: மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை, பொதுமக்கள் பாதுகாப்புக் கருதி. ஒரு சாவு போதுமானதாக இருந்தது. அது எப்படி நேர்ந்தது என்று யாரும் கவலைப்படவில்லை. அப்பா காகிதத்தைப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அப்ப உங்க ரெண்டாவது காரணம் போச்சு," என்றான் ரோட்ரி.

"முதல் காரணம் இருக்கு."

"அது என்னோடது. நான் பாத்துக்கறேன்."

"ரோட்ரி, வேண்டாம்டா." அப்பா கெஞ்சி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் நடக்கத் தொடங்கிவிட்டான். நான் பின்னால் ஓடினேன்.

நெஸ்டா அத்தை வாசலில் கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லிக் கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

"இளைச்சுப் போயிட்டியேடா. உங்கம்மா சோறு போடறாளா, இல்ல உங்கப்பன் வரைபடத்தைத்தான் வேகவெச்சுக் குடுக்கறானா?"

ரோட்ரி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். தாடிக்காரரைப் பற்றி, சட்டையின் நிறத்தைப் பற்றி, மூடுபனியைப் பற்றி. தான் முகத்தைப் பார்க்கவில்லை என்பதை. முக்கை விட்டுக் கிளம்பிவிட்டதை. கண்ணாடி காரணமே இல்லை என்பதை. ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, மூச்சுக்காகக் காத்திருப்பவன்போல வாயைத் திறந்தபடி நின்றான்.

கெட்டில் விசிலடித்தது. அத்தை எழவில்லை. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

"இதை எதுக்குடா எங்கிட்ட சொன்ன?" என்றார் அத்தை.

"உங்களுக்குத் தெரியணும்னு..."

"எனக்குத் தெரியணும்னு நான் கேட்டேனா?" குரல் உயரவே இல்லை. "ஆறு மாசமா அந்த மனுசனைத் திட்டிக்கிட்டிருந்தேன். காலையில எந்திரிச்சதும் திட்டுவேன். போட்டோவைப் பாத்துத் திட்டுவேன். அப்படித் திட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. இனி யாரைத் திட்டறது? உன்னையா? உனக்கு நடை பழகும்போது கையப் பிடிச்சவ நான்."

"திட்டுங்க அத்தை."

"முடியல. பாக்கறேன், முடியல."

பிறகு, "நீ அங்கயே நின்னிருந்தா அவர் எங்க போயிருப்பார்?" என்று கேட்டார்.

"இடது பக்கம்."

"இடது பக்கம் போய்?"

"பாலத்துக்கு. அங்க எல்லாரும் நிப்போம்."

"நின்னு?"

ரோட்ரி என்னைப் பார்த்தான்.

"கெரைண்ட் அவரைக் கிண்டல் பண்ணுவார். ஆட்டுக்குட்டிக்குப் பால் குடுத்தியான்னு."

"அதுக்கு இவர் என்ன சொல்லுவார்?"

"உன் கடைக்குத்தானே வரப்போகுது, நல்லாக் கொழுக்கட்டும்னு குடுத்தேன்னுவார்."

அத்தையின் உதட்டில் ஏதோ அசைந்தது. "ஆமா. அப்படித்தான் சொல்லுவார். அப்புறம்?"

"அப்புறம் கீழே இறங்கி டீ குடிக்கப் போவோம். பன்னுல பன்றிக்கறி வெச்சுத் தருவாங்க."

"அவர் ரெண்டு சாப்பிடுவாரே. எங்கிட்ட ஒண்ணுன்னு சொல்லுவார்."

"ரெண்டு சாப்பிடுவார். சாஸ் நிறைய ஊத்திக்குவார்."

"உக்காந்து சொல்லுடா."

அவன் உட்கார்ந்தான். வீடு திரும்பும் வழி முழுவதையும் சொன்னான். எந்த மேட்டில் வண்டி இருமும், எந்த ஓடையில் பூட்ஸ் நனையும், யார் முதலில் பிரிந்து போவார்கள் என்று. எமிர் மாமா வண்டியை வாசலில் நிறுத்தும் இடம்வரை வந்ததும் அவனால் முடியவில்லை. கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். அத்தை அவனைத் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிளம்பும்போது, "அடுத்த சனிக்கிழமையும் போவீங்கல்ல?" என்று கேட்டார்.

"எங்க அத்தை?"

"சவாரிக்கு. வந்து சொல்லு."

இப்போது அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அத்தை வீட்டுக்குப் போகிறான். போகாமல் இருந்து பார்த்தான் ஒரு வாரம். மறுநாள் காலையில் அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா சன்னல் திரையை இழுத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவன் தவறவிட்டதில்லை. அத்தை யார்மீதும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம் என்கிறான் ரோட்ரி. கொடுத்திருந்தால் அது ஒருநாள் முடிந்திருக்கும்.

எமிர் மாமா நிறையப் பாதைகளுக்குப் போய்விட்டார். காட்டிலாகாப் பாதை, சுரங்கத்து மேடு, எல்லையோரக் கற்சாலை. ஒரு தடவை சக்கரத்தில் காற்றுப் போனது. ஒரு தடவை ஒரு குதிரைக்காரிக்கு வழிவிட்டு எஞ்சினை அணைத்து நின்றதற்கு அவள் ஆப்பிள் கொடுத்தாள். இதையெல்லாம் ரோட்ரி வேலை செய்யும்போதே யோசித்து வைத்துக்கொள்கிறான். ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி யோசிக்காதே என்று அம்மா அழுகிறாள். இரண்டு வாரம் முன்பு, மழை, அதனால் யாரும் போகவில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. மழைக்குப் பயந்து வீட்டில் உட்காருகிற ஆளா அவர் என்று கேட்டாராம்.

நேற்று வெள்ளிக்கிழமை. அப்பாவின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ரோட்ரி என் அறைக்கு வந்தான். தரையில் விரித்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நாளைக்கு எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியல மாலி. நீ ஒண்ணு சொல்லேன்."

நான் குனிந்து தேடினேன். மேற்கே ஒரு பாதையில் விரலை வைத்தேன்.

"அது போயாச்சு."

இன்னொன்றில் வைத்தேன்.

"அதுவும் போயாச்சு."

வரைபடத்தின் ஓரம்வரை வந்துவிட்டோம்.