ஒன்பது மணி நேரக் கட்டு

புதிதாகப் படைக்கு வருகிறவர்களுக்கு காயத்துக்கு மேலே குச்சியால் திருகி இறுக்கி ரத்தம் நிறுத்தும் பட்டையைக் கட்டச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. பொறுமை எனக்குக் கிடையாது. "தொடை இடுக்கு வரைக்கும் ஏத்துங்கடா! குச்சியத் திருகு, இன்னும் திருகு! உயிர் போற மாதிரி வலிக்கும், வலிக்கட்டும். டாக்டர் பாக்கறதுக்குள்ள எவனாவது கழட்டினான், அவன் கழுத்துலயே கட்டிடுவேன்!" என்று கத்துவேன்.

முதலில் சிரித்தவன் யரேமா. போருக்கு முன் பொல்தாவா நகரத்தில் டைல்ஸ் ஒட்டியவன். "ஒட்டினத நான் என்னைக்குண்ணே பேத்திருக்கேன்?" என்றான்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். போர்முனையில், இடிந்த வீட்டின் நிலவறையில் அவனும் அவன் கூட்டாளி மிக்கோலாவும் மட்டும்.

"தொடையில குண்டுச் சில்லு பட்டுடுச்சுண்ணே. ரத்தம் வந்துச்சு, கட்டிட்டேன்."

"இறுக்கமா?"

"கண்ணுல பூச்சி பறக்குது."

"சபாஷ்டா. அப்படியே கிட, வர்றோம்."

ரத்தம் பீறிட்டதா, கசிந்ததா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டானே என்ற பெருமை என் வாயை அடைத்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் என்றால், சின்னக் காயத்துக்குத் துணியை அழுத்திக் கட்டிவிட்டுப் பட்டையைத் தளர்த்தலாம். புது ஆட்களுக்கு அதை நான் சொல்வதேயில்லை. குழம்பிப்போவார்கள் என்று நினைத்தேன்.

எட்டு மணிக்கு அவனுடைய வாக்கிடாக்கி செத்தது. எங்கள் தலைக்கு மேல் எதிரியின் ட்ரோன்கள் விலகவே இல்லை. மழை பிடித்து அவை பறக்க முடியாமல் போன பிறகுதான் கிளம்ப முடிந்தது. போய்ச் சேரும்போது மாலை நான்கு. கட்டிய நேரத்தை நெற்றியில் பேனாவால் 7:05 என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தான்.

கால்சட்டையைக் கிழித்தேன். சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை. ஒரு துணிக்கட்டுக்கே நின்றிருக்கும். பட்டைக்குக் கீழே கால் வெளிறி, சில்லிட்டு, கட்டையாக விறைத்திருந்தது. இனிமேல் அவிழ்த்தால் அங்கே தேங்கிக் கெட்ட ரத்தம் நெஞ்சுக்கு ஏறி ஆளையே கொன்றுவிடும். காலை எடுப்பதைத் தவிர வழியில்லை.

"இந்த மிக்கோலா ரெண்டு தரம் கழட்டிப் பாக்கலாம்னான்ணே," என்றான் யரேமா. "கத்தியக் காட்டி மிரட்டிட்டேன்."

மிக்கோலா காயத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"கால் பொழச்சுக்கும்லண்ணே?"

"உயிர் பொழச்சிருக்கடா," என்றேன்.

யரேமா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"உங்களாலதான்ணே."