ஏணிக்குக் கீழே ஓர் ஆள்

1

இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை. எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, தொழிலாளருக்கு உபயோகமாக ஏதாவது வேண்டும் என்று காரியதரிசி தம்பிராஜா போன வாரம் நான் உத்தியோகம் பார்க்கும் கந்தோருக்கே வந்துவிட்டார்.

"நீங்கள் ரெங்கத்தில தோட்டக் கணக்கு எழுதுற கிராணியா இருந்தனீங்கள்தானே? ஏணியில இருந்து விழுந்து செத்தானே ஒருத்தன், அய்யாவு, அவன்ட கதையை எழுதுங்கோ. சொல்லுக் கேளாட்டி என்ன நடக்கும் எண்டு சனத்துக்கு விளங்க வேணும். ரெண்டு பக்கம் போதும்."

ரெண்டு பக்கம்தானே என்று தலையாட்டிவிட்டேன். அய்யாவு விழுந்தது 1931இல். இப்போது 1938. ஜொகூர் பாருவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஏழு வருஷத்துக்கு முந்திய ஓர் ஏணியைப் பற்றி எழுதுவதில் என்ன கஷ்டம்? ஐந்து நாளாகிறது. குப்பைக் கூடை நிறைந்துவிட்டது.

2

முதல் தொடக்கம் இது:

"அய்யாவு என்பவன் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்துவந்தான். நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன். ஒருநாள் அவன்"

அதோடு பேனாவை வைத்துவிட்டேன். அவசரக்காரன் என்பது பச்சைப் பொய். புகைக்கூடத்தில் ரப்பர் தாள்களைக் காயப் போடுவது அவன் வேலை. ஒரு தாளைக் கம்பில் தொங்கவிட்டு, ஓரம் நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். அந்த நிதானத்துக்காகவே நான் அவனைப் பல தடவை ஏசியிருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்:

"கனகசபை என்றொரு கிராணி இருந்தார். யாழ்ப்பாணத்தார், இங்கிலீஷ் படித்தவர், சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இராது."

(கனகசபை என்று எவரும் இல்லை. என் சட்டையைப் போட்டு நிற்க எனக்கொரு ஆள் தேவைப்பட்டது. கடைசிவரை மறைத்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு வேண்டிய கெட்டித்தனம் என்னிடம் இல்லை. கனகசபை என்று வருகிற இடமெல்லாம் நான்தான்.)

3

அய்யாவு விழுந்த அந்த வருஷம் தோட்டத்துக்குப் புதுத் துரை ஒருவர் வந்தார். வரும்போதே ஏணியில் ஏறுவதற்கான விதிகளை அச்சடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏழு விதிகள். ஒருநாள் விடியற்காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் எல்லோரையும் நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினார். அவர் இங்கிலீஷில் சொல்ல, கனகசபை தமிழில் சொன்னார்.

ஏறுவதற்கு முன் படிகளைத் தட்டிப் பார். ஏணியைப் பார்த்தபடி ஏறு, பார்த்தபடியே இறங்கு. இரண்டு கையும் ஏணிக்கு, சாமான் தோளில். இப்படி ஆறு விதிகள். ஏழாவது, ஒருவன் ஏறும்போது கீழே ஓர் ஆள் நின்று பிடிக்க வேண்டும்.

அதைச் செய்தே காட்டினார் துரை. அய்யாவுவை ஏறச் சொல்லிவிட்டு, தானே குனிந்து ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். அய்யாவுவின் காலில் இருந்த மண் துரையின் வெள்ளைத் தொப்பியில் உதிர்ந்தது.

"அலமாக், தொரை தலையில மண்ணு!" என்று ஒரு பெண் மலாய்க்காரியைப் போலப் பதறிச் சொன்னாள். களம் முழுக்கச் சிரிப்பு. மேலே இருந்த அய்யாவுக்குத்தான் பயத்தில் உயிரே போனது போல் ஆகிவிட்டது. துரை தொப்பியைத் தட்டிவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "பிடிக்க வேறு ஆள் இல்லையென்றால் கிராணி பிடிக்க வேண்டும். கிராணியும் இல்லையென்றால் நான்."

கனகசபை மற்றதையெல்லாம் சொன்னார். அந்த வார்த்தையை மட்டும் தமிழில் சொல்லவில்லை. அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

4

(இந்தப் பகுதியை நாலு தடவை எழுதினேன். தம்பிராஜாவுக்குப் பிடிக்கக்கூடியதை முதலில் தருகிறேன்.)

"கனகசபை ஏணியைப் பிடிக்க ஓடோடி வந்தார். மரியாதை தெரிந்த அய்யாவு அவரைத் தடுத்தான்."

இதில் ஓடோடி வந்ததுதான் பொய். நடந்தது இது.

மத்தியானம் மூன்று மணி. காற்றில் புகைக்கூடத்துக் கூரைத் தகரம் ஒன்று கிளம்பிவிட்டது. மழை உள்ளே இறங்கினால் தாள்கள் அத்தனையும் பூஞ்சணம் பிடிக்கும். ஆட்கள் எல்லோரும் தோட்டத்தின் அடுத்த கோடியில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே நாங்கள் இருவர்தான். அய்யாவு ஏணியைச் சாத்தினான், படிகளைத் தட்டிப் பார்த்தான், ஆணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். எல்லாம் விதிப்படி. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கீழ ஒரு ஆளு வேணுமே ஐயா."

துரை பிடித்ததைக் கண்ணால் கண்டவன் அவன். அதனால் கேட்டான், கேட்டுவிட்டு நின்றான்.

நான் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். ஒரு கூலியாளின் காலுக்குக் கீழே என் தலையா? இதைத்தான் நினைத்தேன், சாதியோடு சேர்த்தே நினைத்தேன். இதைவிட நாகரிகமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

என் முகத்தை அவன் படித்திருக்க வேண்டும். அவனே சொன்னான்: "நீங்க வேணாங்க ஐயா. என் காலுக்குக் கீழ நீங்க நிக்கக் கூடாது. நான் பாத்து ஏறிக்கிறேன்."

எனக்கு வரவேண்டிய வெட்கத்தை அவன் தன் மரியாதையாக ஆக்கிக்கொண்டான். நான் "கவனமா ஏறு" என்றேன்.

ஏணியின் அடி ஈரக் களிமண்ணில் வழுக்கியது. நான் எட்டடி தள்ளி நின்றேன். அவன் கத்தவில்லை, தகரம்தான் சத்தம் போட்டது. மருந்து போடுகிறவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

5

அறிக்கை எழுதியதும் கனகசபைதான். "ஏணி பற்றிய போதனை அளிக்கப்பட்டிருந்தது. இறந்தவர் அதைப் பின்பற்றவில்லை." எழுத்துப்பிழை இல்லாத நல்ல இங்கிலீஷ். துரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் நாள் அய்யாவுவின் பெண்சாதி வெள்ளையம்மா ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். அழுது முடித்துவிட்ட முகம்.

"அவரு அவசரப்படுற ஆளு இல்லீங்களே ஐயா. கீழ யாருங்க நின்னா?"

"ஒருத்தரும் இல்லை."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆபீசில."

அவள் கூலியாட்கள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பிப் போனாள். என் சொல்லை நம்பினாளா, வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டாளா தெரியாது.

அதன் பிறகு துரை மாதம் ஒருமுறை ஏணிப் பாடம் வைத்தார். ஏழு விதியும் சொல்லி முடிந்ததும், அய்யாவுவின் பெயரைச் சொல்லி எச்சரிக்கும்படி உத்தரவு. நான் சொன்னேன்: "அய்யாவு மாதிரி ஏறாதேயுங்கோ." களத்தில் மூன்றாவது வரிசையில் வெள்ளையம்மா ரப்பர் பால் எடுக்கும் வாளியோடு நிற்பாள். தலையைக் குனிந்துகொள்வாள். கொஞ்ச நாளில் லயத்துப் பிள்ளைகள்கூட மரத்தில் ஏறுகிறவனைப் பார்த்து அதையே சொல்லிச் சிரித்தார்கள். பதினான்கு மாதம் சொன்னேன். பிறகு அவள் பாலோ என்ற ஊரில் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது.

எவ்வளவு பெரிய பாவம் செய்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது அச்சில் பதினைந்தாம் தடவையாகச் சொல்லத் தம்பிராஜா என்னைக் கூப்பிடுகிறார்.

6

முடிவுகள்.

தம்பிராஜா கேட்ட முடிவு: "ஆகவே தொழிலாளத் தோழர்களே" (வேண்டாம்.)

இன்னொன்று: கனகசபை பாலோவுக்குப் போகிறார். உண்மையைச் சொல்கிறார். வெள்ளையம்மா அழுகிறாள், பிறகு மன்னிக்கிறாள். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் கிழித்தேன். என்னை மன்னிக்கும்படி அவளை எழுத நான் யார்?

வேறொன்று: மத்தியானம் மூன்று மணி. அய்யாவு திரும்பிப் பார்க்கிறான். நான் குடையைக் கீழே போட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். அவன் கால் மண் என் தலையில் உதிர்கிறது. மேலே சுத்தியல் சத்தம். "இன்னும் ரெண்டு ஆணிதாங்க ஐயா." இந்த முடிவில்தான் நான் அதிக நேரம் இருந்தேன். ஆனால் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தால் ஏணியிலிருந்து கையை எடுக்க வேண்டுமே. வைக்க முடியவில்லை.

ஆகவே வாசகரே, ஓர் உபகாரம். கனகசபை என்ற பெயரை அடித்துவிட்டு ஏரம்பமூர்த்தி என்று என் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களில் யாராவது பாலோப் பக்கம் போனால், வெள்ளையம்மாவை விசாரித்து, நான்காம் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

(பார்த்தீர்களா? மறுபடியும் கீழே நிற்க வேறு ஆளைத் தேடுகிறேன்.)

அந்த வாக்கியங்களை அடிக்காமல் அப்படியே விடுகிறேன், என்னைப் பற்றிய சாட்சியாக இருக்கட்டும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பாலோவுக்குக் காலையில் ரயில் இருக்கிறது. இந்தத் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். குடையை…

நான் ரயில் ஏறினேனா என்பதை எழுதப் போவதில்லை. இவ்வளவு தூரம் வாசித்த உங்களுக்கு என்னைத் தெரியும். நீங்களே சொல்லுங்கள்.